பதினாலு கிலோ வஞ்சிரம்

கடலில் மீன் பிடிப்பவர்கள் இரண்டு ரகம். பிடித்துவிட்டு வாயைத் திறக்காதவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பார்க்க நீங்கள் விடியற்காலையில் கோவளம் கரைக்குப் போக வேண்டும். வாயை மூடாமல் பேசிவிட்டு ஒன்றும் பிடிக்காதவர்கள் இன்னொரு ரகம். அவர்களைப் பார்க்க நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தால் போதும், அவர்களே வந்து உங்கள் வீட்டு கேட்டைத் தட்டுவார்கள். இந்த இரண்டாவது ரகத்துக்குச் சனிக்கிழமைக் கடலோடி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமைக் கடலோடியை அடையாளம் காண்பது சுலபம். கடலிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் வீடு இருக்கும். பதினோரு பாக்கெட் வைத்த ஒரு கையில்லாத சட்டை இருக்கும். பதினோரு பாக்கெட்டிலும் சேர்த்து ஒரு மீன் செதில்கூட இருக்காது. பால் வாங்க வருகிறவர், இ.பி. பில் கட்ட வரிசையில் நிற்கிறவர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று யார் கிடைத்தாலும் அவர் வானத்தைப் பார்த்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, "இன்னைக்குக் கடல் தண்ணி இருபத்தொன்பது டிகிரி சார்" என்பார். கேட்டவன் என்ன பதில் சொல்வான்? "அப்படியா சார்" என்பான். போச்சு. அரை மணி நேரம் போச்சு.

பருவங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழைக் கலங்கல் தெளிந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வஞ்சிரம் கரைப்பக்கம் ஏறும், ஆனால் தெளிந்த தண்ணீரில் தூண்டில் நரம்பு மீன் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதனால் கடிக்காது. ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசி வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அவர் போகிற சின்னப் படகுக்குத் தடை இல்லை, ஆனால் குஞ்சு பொரிக்கிற நேரத்தில் மீனைத் தொந்தரவு செய்வது மனுஷத்தனமா? ஜூன், ஜூலையில் மேல்காற்று, காலையில் கடல் பாய் விரித்த மாதிரி கிடக்கும், சூரை கூட்டங்கூட்டமாகத் துள்ளும், ஆனால் துள்ளுகிற மீனுக்கு வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் பாரையும் சீலாவும் வரும், நிலாதான் ஒத்துழைக்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயல் சின்னமும். கடலில் காலே வைக்க முடியாது. மீன் இருப்பதிலேயே அதிகம் அப்போதுதான். ஆக, வருஷத்தில் பன்னிரண்டு மாதமும் மீன் உண்டு. பன்னிரண்டு மாதமும் கிடைக்காது.

"சரி சார், போன வாரம் ஏதாவது மாட்டுச்சா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தைகளும் அவர் அகராதியில் கிடையாது. "மாட்டுச்சு. படகுக்குப் பக்கத்துல வரைக்கும் வந்துச்சு. அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்பார். போன மீனின் நீளத்தைக் கையால் காட்டுவார். திங்கட்கிழமை அது முழங்கை நீளம். புதன்கிழமை இரண்டு கையையும் விரிக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை பேருந்தில் அவர் பக்கத்தில் உட்காராதீர்கள், கண்ணில் குத்திவிடுவார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் தெருவிலேயே இருந்தார். ஐசக் சார். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் மூலம் ஒரு தூண்டில் ராடும் நரம்பு சுற்றும் ரீலும் தருவித்தார். கூடவே, இரைக்குப் பதிலாக மாட்ட ஒரு பெட்டி நிறைய பொம்மை மீன்கள். நீலம், வெள்ளி, ஆரஞ்சு என்று மினுமினுக்கும். மனுஷனுக்கே எடுத்துக் கடிக்கத் தோன்றும். மீன்களுக்கு மட்டும் ஏனோ தோன்றவில்லை. சனிக்கிழமைதோறும் விடிகிற நேரத்தில் ஸ்கூட்டரில் கோவளத்துக்குப் போய், ரங்கன் என்ற மீனவரின் பைபர் படகில் ஏறிக்கொள்வார். படகின் இந்தப் பக்கம் சார் பொம்மையை இழுத்துக்கொண்டு வருவார். அந்தப் பக்கம் ரங்கன் வெறுங்கையில் நரம்பைப் பிடித்து, கணவாய்த் துண்டு ஒன்றைக் குத்திப் போட்டு, பத்து மணிக்குள் கூடையை நிரப்பிவிடுவார். "அது வேற டெக்னிக்" என்பார் ஐசக் சார்.

நாலு வருஷத்தில் சாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேத்தை மீன். காற்றை அடைத்து உடம்பை ஊதிக்கொள்ளுமே, அது. அதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருக்காரர்கள்தான் பொருத்தமான மீன் என்றார்கள்.

விஷயம் இப்படியே ஓடியிருக்கும். அந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன், அவருடைய சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. பண்டிகைக்கு அவரவர் முதற்பலனைக் கொண்டுவருவதும், வாழைத்தார், பூசணி, கோழி, கேக் எல்லாவற்றையும் ஏலம் விட்டுக் காணிக்கையாக்குவதும் வழக்கம். யார் என்ன கொண்டுவருவீர்கள் என்று போதகர் சுந்தர்சிங் ஆராதனையில் கேட்டார். ஐசக் சார் எழுந்தார். "என் தூண்டில்ல நானே புடிச்ச மீன் ஐயா."

முந்நூறு தலை திரும்பியது. அவர் மனைவி சரோஜினி பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் சொன்ன தீர்ப்பு இது: "புடிச்சா சந்தோஷம். புடிக்கலைன்னா அந்த ராடு, ரீலு, பொம்மைப் பெட்டி எல்லாம் ஏலத்துக்குப் போகுது. நீங்க சபை முன்னால சொன்னீங்க இல்ல, நானும் சொல்றேன்." சொன்னார். சபைப் பெண்கள் கூடும் மாதர் ஐக்கியத்தில் சொன்னார். அது சபை முன்னால் சொல்வதைவிட வேகமாகப் பரவும். ஒரே வாரத்தில் பீர்க்கன்கரணை வரைக்கும் சேதி போய்விட்டது: மீன் வரும், அல்லது தூண்டில் வரும்.

ஏலம் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. அன்று காலை எட்டரைக்கு, கரையே தெரியாத தூரத்தில், ஐசக் சாரின் ரீல் ஊளையிட்டது.

இங்கே கொஞ்சம் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் அன்று நடந்தது நிஜம். நாற்பது நிமிஷம் அந்த மனுஷன் ராடை விடவில்லை. நரம்பு ஓடி விரலை அறுத்தது. முட்டிக்கால் படகு விளிம்பில் உரசித் தோல் போனது. ரங்கன் கை கொடுக்க வந்தபோது, "தொடாதே ரங்கா, இது என்னோடது" என்று கத்தினார். கடைசியில் ரங்கன் கொக்கி போட்டு மேலே தூக்கியபோது, படகில் விழுந்து துள்ளியது ஒரு வஞ்சிரம். முதுகு நீலம், வயிறு வெள்ளி, இடுப்பளவு நீளம். ஐசக் சார் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எனக்கே சந்தோஷமாக இருக்கிறது, என்ன செய்ய.

கண்ணைத் துடைத்த கை நேராகச் செல்போனுக்குப் போயிற்று.

"எவ்வளவு இருக்கும் ரங்கா?"

"நல்லா கீது சார்."

"பத்து கிலோ?"

"கரைக்குப் போறதுக்கு முன்ன எடை சொல்லாத சார். மீனு மணல்ல வுழற வரிக்கும் எங்க ஆளுங்க வாயத் தொறக்க மாட்டாங்க."

"பன்னெண்டு இருக்குமா?"

"அதான் நல்லா கீதுன்றேனே சார், வுடு."

"பதினாலு?"

ரங்கன் திரும்பி எஞ்சினைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தை ஐசக் சார் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு கோடு சிக்னலில், மீன் இன்னும் வாலை அடித்துக்கொண்டிருக்கும்போதே, நாற்பத்து மூன்று பேருக்கு எஸ்.எம்.எஸ். போயிற்று: பதினாலு கிலோ வஞ்சிரம், சொந்தத் தூண்டில். எனக்கும் வந்தது. என் மனைவிக்கும் தனியாக வந்தது.

நேரே வீட்டுக்கு வந்தாரா? வருவாரா? ஸ்கூட்டரில் முன்னால் சார், பின்னால் சாட்சிக்கு ரங்கன், நடுவில் ஐஸ் போட்டுச் சாக்கில் சுற்றிய மீன், வெளியே நீட்டிக்கொண்டு அதன் வால். சோழிங்கநல்லூரில் ஒரு டீ, மேடவாக்கத்தில் ஒரு டீ, சேலையூரில் சகலை வீடு, அங்கிருந்து வழியிலேயே இல்லாத பெருங்களத்தூருக்குப் போய், சும்மா, தலைமையாசிரியர் குடியிருக்கும் தெருவில் ஒரு சுற்று. "மீனு வெயில்ல கீது சார்" என்று ரங்கன் நாலு தடவை சொன்னாராம். சிக்னல் பச்சையானாலும் ஸ்கூட்டர் நகரவில்லையாம்.

சபை வளாகத்துக்குள் நுழைந்தபோது கைதட்டல்! உண்மையாகவே கைதட்டினார்கள். ஏலம் விடுகிறவர் அசரியா, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் இல்லாமலே வண்டியை நிறுத்தும் குரல். "பதினாலு கிலோ வஞ்சிரம்! ஐசக் சார் சொந்தத் தூண்டில்!" என்று முழங்கிவிட்டு, கிலோக் கணக்கில்தானே கேட்க வேண்டும் என்று அரிசி நிறுத்த தராசைக் கொண்டுவரச் சொன்னார்.

மீனை வைத்தார்கள். முள் ஆடியது. நின்றது. பதினொண்ணே கால்.

பதினொண்ணே கால் கிலோ வஞ்சிரம் சாமானியமா? கோவளத்துக்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஐசக் சார் "கண்ணளவு தப்பிடுச்சு" என்று சிரித்திருந்தால் கதை முடிந்தது. சனிக்கிழமைக் கடலோடிக்குத் தப்பு ஒத்துக்கொள்ளும் நரம்பு மட்டும் அறுந்தே பிறக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கடல்ல பதினாலுதான். தண்ணிக்குள்ள இருந்து வெளியே எடுத்தா எடை குறையும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்."

கூட்டத்திலிருந்து எபி எழுந்தான். சாரின் பழைய மாணவன், இப்போது சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "சார், டென்த்ல நீங்கதான் நடத்துனீங்க. தண்ணிக்குள்ளதான் எடை குறையும். வெளியே எடுத்தா கூடணும் சார். ரெண்டு மார்க் கேள்வி."

சிரிப்பு எழுந்தது. அதை அசரியா அடக்கிவிட்டு, ஒரு நியாயம் பேசினார். "ஏன் சார், மூணு கிலோ பொய்யின்னா மீதி பதினொண்ணு மட்டும் எப்படி நிஜமாகும்?"

அவ்வளவுதான். மார்க்கெட் மீன் என்று யாரோ சொன்னார்கள். ரங்கன் முன்னால் வந்து, "மெய்யாலுமே சார்தாங்க புடிச்சாரு! இன்னாங்க பேஜாரா கீது, மீனு வாயப் பாருங்க, கிழிஞ்சு கீது" என்று கெஞ்சினார். "கடையில வாங்கி நீயே கிழிச்சிருப்பே" என்றது ஒரு குரல். எடை சொல்லாதே என்று தடுத்த ஒரே மனுஷன், பொய்ச் சாட்சியாகி நின்றார். "அப்போ தூண்டில் ஏலத்துக்கு வரட்டும்!" என்று பின்வரிசையில் ஆரம்பித்தார்கள்.

மாதர் ஐக்கியம் வளாகத்தில் போட்டிருந்த கேக் கடையிலிருந்து சரோஜினி எழுந்து வந்தார். இருபத்தாறு வருஷமாக மீன் ஆய்கிற கை. செவுளைத் தூக்கிப் பார்த்தார். தலையிலிருந்து வால்வரை விரலை ஓட்டினார். கிழிந்த வாயைத் தொட்டார். பிறகு புருஷனின் அறுபட்ட விரலைப் பார்த்தார்.

"வலைத் தடம் ஒண்ணுகூட இல்ல. இது தூண்டில் மீன். அவர் புடிச்சதுதான். தூண்டிலை யாரும் தொட வேண்டாம்."

அப்புறம் மாதர் ஐக்கியத்திலிருந்து கனகவல்லி பெருமூச்சு விட்டார்: "பாவம் சரோஜினி. புருஷனுக்காக எப்படி எல்லாம் பேச வேண்டியிருக்கு."

அந்த வளாகத்தில் அன்று சொல்லப்பட்ட ஒரே நிஜத்தைக்கூட ஒருவரும் நம்பவில்லை. மீனை அசரியாவே ஏலத்தில் எடுத்தார். "மார்க்கெட் மீனா இருந்தா என்ன, புதுசா இருக்கு" என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நடுவில் வெறும் சாக்குதான் இருந்தது. தெருமுனையில் சரோஜினி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். என் மனைவியிடம் பிறகு சொன்னார்.

"ஏங்க, பதினொண்ணு போதாதா?"

அன்றைக்கு ராத்திரி ஐசக் சார் சாப்பிடவில்லையாம்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று, அந்தத் தராசு மூணு கிலோ கம்மியாகக் காட்டும் என்று எனக்கு ரகசியமாகச் சொன்னார். "அப்படின்னா அதுல அரிசி வாங்கினவங்களுக்கு நல்ல லாபம்" என்றேன். "உண்மையில மீன் பதினாறு இருக்கும்" என்றார். ஆனால் உள்ளே சரோஜினி அம்மாள் குரல் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். அந்த அளவுக்கு முன்னேற்றம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் கடல் பக்கமே போகாதவர், உங்களிடம் ராடு இல்லை, ரீல் இல்லை, வஞ்சிரம் உங்களுக்குத் தட்டில்தான் பழக்கம்.

ஆனால் போன மாதம் பெருங்களத்தூரில் புது ஃபிளாட் வாங்கி என்னைக் கூப்பிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஸ்டேஷன்ல இருந்து நடந்தா அஞ்சே நிமிஷம் சார்" என்றீர்கள். நடந்தேன். கையில் கடிகாரம் இருந்தது. ஏரிக்கரை, தோண்டிப் போட்ட ரோடு, துரத்தி வந்த இரண்டு நாய்கள் எல்லாம் தாண்டி, பத்தொன்பது நிமிஷம். வீடு நல்ல வீடு. ஜன்னலில் காற்று வந்தது. உங்கள் வீட்டில் போட்ட காபியை நான் இன்னும் மறக்கவில்லை.

பத்தொன்பது என்று சொல்லியிருந்தால், நான் வராமலா இருந்திருப்பேன்?