கிளி ஓட்டிய கை

கூச்சக்காரனின் கண்ணை மறைத்துவிட்டால் அவனுக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிடும். இதை நான் என் மாமனாரின் கன்னத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை. செல்போனில் பட்டன் இருந்த காலம். பெருநகர் என்ற ஊரில் பெண் பார்த்து நிச்சயம் முடிந்த வாரமே, மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டேன். (எந்த வண்டியும் மோதவில்லை. பெண் வீட்டார் போன பஸ் எதிரே வந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.) கட்டுப் பிரித்த பிறகு கை மார்புக்கு மேல் ஏறவில்லை.

கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

"ஒத்தக் கையில தாலி கட்ட முடியாது மாப்ள. எங்க ஜனங்க ஒரு மாதிரி பேசிக்கினு கீறாங்க. கை தூக்கலன்னா தேதிய தள்ளிப் போட்டுர்லாம்" என்றார் அவர். தள்ளிப்போட்ட கல்யாணம் எதுவும் எங்கள் பக்கம் நடந்ததாகச் சரித்திரமே இல்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், விளையாட்டுப் போலவே கையைப் பழக்கிச் சரிசெய்யும் மெஷின் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். அவரும் கூடவே வந்தார். பயிற்சி கொடுக்கும் பெண் என் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, ஒயர் தொங்கும் கனமான கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டினார். அறை மறைந்தது. நான் ஒரு மாந்தோப்பில் நின்றிருந்தேன்.

"அண்ணா, வலது கையால மாங்காயப் பறிங்க."

நான் அசையவில்லை.

"வலிக்குதா?"

"இல்லம்மா. இது யாரு தோப்பு?"

"யாருதும் இல்லண்ணா. எல்லாம் கம்ப்யூட்டர்ல வர்ற படம்."

"ஆளு வந்து கேட்டா இன்னா சொல்றது?" (பெண்ணைப் பெற்றவர் பக்கத்தில் நிற்கிறார். அவர் எதிரில் மாங்காய் திருடவா?)

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு வேறு படத்தைப் போட்டார். விளைந்து சாய்ந்த நெல் வயல். மேலிருந்து கிளிகள் கூட்டமாக இறங்கின. "கையால தட்டி ஓட்டுங்க" என்றார்.

இந்த முறை வயல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. கதிரில் கிளி வாய் வைக்கும்போது அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்களா? முதல் கிளி மார்பளவில் வந்தது, ஓட்டினேன். அடுத்தது தோளளவில். வலியில் கண்ணீர் வந்தது. ஆனால் நின்றால் நாலு கிளி உட்கார்ந்துவிடுகிறது. "டோய், டோய்" என்று கத்த ஆரம்பித்தேன். (பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே குரல் எழும்பாதவன் நான்.)

கை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க அவர் கிட்டே வந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? எதிரே பெரிதாக ஒரு கிளி. கையைத் தலைக்கு மேலே ஓங்கி ஒன்று வைத்தேன். கிளிக்கு மீசை இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினால், அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன்.

"இன்னொரு தபா தூக்குங்க மாப்ள" என்றார், அங்கிருந்தபடியே.

தூக்கினேன். காதைத் தாண்டிப் போனது.

அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "தேதி மாத்த வாணாம்மா. கை நல்லா கீது. நானே வாங்கிப் பாத்துட்டேன்."

பிறகு பத்து நாள் தினமும் போய்க் கிளி ஓட்டினேன். மூன்று முடிச்சையும் நானே போட்டேன்.

இன்றும் மாமனார் வீட்டுப் பந்தியில் என் வலது பக்கம் யாராவது உட்கார வந்தால், அவர் சும்மா இருக்கமாட்டார்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருப்பா. மாப்ளைக்கு கிளி வந்துச்சுன்னா ஆளு தெரியாது."