ஷூவுக்குள் ஒரு டிராயிங் பின்

உண்மை பேசுகிறவனுக்கு எதற்கும் பயமில்லை என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார். அவர் கனடாவில், மொன்றியலில் வேலை தேடி அலைந்தவர் அல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். நான் உண்மை பேசுகிறவன். பயந்தாங்கொள்ளியும்கூட. இரண்டும் ஒரே உடம்பில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சியாக என் வலது கால் கட்டைவிரலில் இன்னும் ஒரு சின்ன வடு இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். என் ஆராய்ச்சிப் படிப்பு முடிந்து, கூடவே உதவித்தொகையும் நின்றுபோயிருந்தது. மனைவி வசந்தாவுக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலை என்னை வேதியியலாளர் வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. போதை தரும் மருந்துகள் வைக்கும் அறையின் சாவி என்னிடம் இருக்கும் என்பதால், பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார்ந்து நான் தேற வேண்டும்.

வாழ்க்கையில் நான் திருடியது, கல்லூரி விடுதிச் சமையலறையில் இரண்டு அப்பளம். (அதுவும் நமுத்துப்போனது.) ஆனாலும் எனக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் போலீஸ்காரரைப் பார்த்தாலே செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தயாராகிவிடும் சுபாவம் எனக்கு.

மாடி வீட்டில் சிவஞானம் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை என்று அவரே சொல்லுவார். வீட்டுக்கு வந்தவரிடம் நான் விஷயத்தைச் சொன்னதும் எங்கள் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நீர் உண்மைதான் சொல்லப் போறீர். ஓம். ஆனா மெஷினுக்கு அது தெரியுமோ? நீர் பயந்தாலும் அதின்ர ஊசி கோடு கீறும், பொய் சொன்னாலும் அதே கோடுதான் கீறும்."

"அப்போ நான் என்ன பண்றது அண்ணை?"

"ஷூவுக்குள்ள ஒரு டிராயிங் பின்னை நிமிர்த்தி வையும். முதல்ல சும்மா கேள்வி கேப்பாங்கள். அப்ப பெருவிரலால அமத்தும். மெஷின்ர ஊசி துள்ளும். பிறகு களவைப் பற்றிக் கேக்கேக்க காலைத் தூக்கும். துள்ளினதுக்குப் பக்கத்தில இது சாந்தமாத் தெரியும். துறைமுகத்தில எங்கட பெடியள் சொன்னது."

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வசந்தா, அவர் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லப் போறவருக்குப் பின் எதுக்குங்க?"

"மெஷின் என்னை நம்பணுமே."

"எல்லாப் பாடமும் தெரிஞ்சவன் பரீட்சைக்குப் பிட்டு எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. மாட்டினா, படிச்சேன்னு சொன்னா யார் நம்புவாங்க?"

இது ஏமாற்று இல்லை, தற்காப்பு என்று அரைமணி நேரம் வாதாடினேன். பயந்தவனைப் பொய்யன் என்று எழுதும் மெஷினுக்கு நான் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். (இன்றும் அந்தக் கேள்வி சரியான கேள்விதான்.) அவள் என் கோட்டுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பின்னோடு பஸ் ஏறினேன். அங்கே போய் வைத்துக்கொண்டிருக்கலாம். முன்கூட்டியே பழகிக்கொள்ளலாமே என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பனியில் நான் நொண்டி வந்ததைப் பார்த்து வரவேற்பறைப் பெண் ஓடிவந்து நாற்காலி போட்டாள்.

சோதனை செய்பவர் முஸ்ஸியே த்ரம்ப்ளே, ஓய்வு பெற்ற போலீஸ்காரர். (கேட்க வேண்டுமா?) "பொன்ஷூர்" என்று பிரெஞ்சில் மிகவும் அன்பாக வணக்கம் சொல்லிவிட்டு, என் மார்பில் குழாயும் கையில் பட்டையும் விரல்களில் தகடும் மாட்டினார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

இங்கே என் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சுந்தரேசன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். அதனால் கனடாவில் நான் மிஸ்டர் வைத்திலிங்கம். அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத வீட்டில் வளர்ந்தவன் நான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

த்ரம்ப்ளே முதல் கேள்வியைக் கேட்டார். "உங்கள் பெயர் வைத்திலிங்கமா?"

இதுதான் சும்மா கேள்வி என்று புரிந்தது. பின்னை அமுக்கினேன். "ஆம்" என்றேன். ஊசி காகிதத்தை விட்டே வெளியே குதித்துவிடும் போலிருந்தது.

அவர் புருவத்தைத் தூக்கினார். "வேலை செய்த இடத்தில் எதையாவது திருடியிருக்கிறீர்களா?" காலைத் தூக்கிக்கொண்டு "இல்லை" என்றேன். ஊசி குழந்தை மாதிரி தூங்கியது. திரும்பவும் பெயரைக் கேட்டார். நானும் கடமை தவறாமல் இன்னும் பலமாக அமுக்கினேன்.

த்ரம்ப்ளே மெஷினை நிறுத்தினார். சிவஞானம் அண்ணையின் வைத்தியம் கச்சிதமாக வேலை செய்திருந்தது. நான் திருடன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் நான் நான் இல்லை.

"யார் இந்த வைத்திலிங்கம்?"

"என் அப்பா."

"அவர் எங்கே?"

"கும்பகோணத்தில்."

"நீங்கள் இங்கே வந்திருப்பது அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் கடிதம் போடவில்லை."

அவர் கை மெதுவாகத் தொலைபேசிப் பக்கம் போனது. ஆள்மாறாட்டம், குடிவரவு அலுவலகம், நிறைமாதக்காரியோடு விமானத்தில் திருப்பி அனுப்புவது எல்லாம் என் கண்முன் வந்தன. வேலை போனால் போகட்டும், ஊரே போய்விடும் போலிருந்தது. பதறி எழுந்தேன். முழு எடையும் பின்மேல் இறங்கியது.

"அம்மா" என்று அலறினேன்.

"இப்போது அம்மாவா?" என்றார் த்ரம்ப்ளே. பிறகு என் காலைப் பார்த்தார். "ஷூவைக் கழற்றுங்கள்."

சாக்ஸில் ரத்தம். அப்பா பெயர் என் பெயரான கதை முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பளத்தைக்கூட விடவில்லை. (அண்ணையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஒரு பெயரால் பட்ட பாடு போதும்.) திருட்டை மறைக்கப் பின் வைக்கவில்லை, நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள் என்ற பயத்தில் வைத்தேன் என்றேன். கைக்குட்டைக்காகக் கோட்டுப் பையில் கையை விட்டேன். விரலில் தட்டுப்பட்டது ஒரு பிளாஸ்திரி. வசந்தா பொத்தான் தைக்கும்போது போட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனைவிக்குத் தெரியுமா?"

"வேண்டாம் என்றாள்."

"அவரை வேலைக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார். தன் மேஜையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துக் கொடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இந்த மெஷினுக்குப் பயம் மட்டும்தான் தெரியும், மிஸ்டர். மீதியைப் பார்க்கத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

அந்த மெஷின் நியாயமானதா என்றால் இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதை ஏமாற்றக் கிளம்பியவன், அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார் என்பதை யோசிக்கவேயில்லை. அவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் தொலைபேசி பேசியிருக்கும்.

வெறுங்காலோடு மறுபடி உட்காரவைத்தார். "உங்கள் பெயர் சுந்தரேசனா?" "ஆம்." ஊசி அசையவில்லை. பின் வைத்திருந்ததையும், கேட்டதும் ஒப்புக்கொண்டதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. வேலை கிடைக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வசந்தா என் காலுக்கு வெந்நீர் வைத்தாள். அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது. த்ரம்ப்ளேயை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என் மகள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்ததற்கு அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் தீராது.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாரும் யாரையும் "நிஜமாவா?" என்று கேட்பதில்லை. "ஷூவைக் கழட்டு" என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகவில்லை என்பதற்கு மகள் கதை சொன்னாலும் அதுதான், இனிப்பு சாப்பிடவில்லை என்று நான் சொன்னாலும் அதுதான்.

அந்த மகள் வளர்ந்து, பக்கத்து ஊரான லொங்குய்யைச் சேர்ந்த பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டுக்கு அழைத்துவந்தாள். வெளியே பனி. அவன் யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து, "வணக்கம் அங்கிள்" என்றான். நான் ஆயிரம் கேள்வி தயாராக வைத்திருந்தேன். வசந்தா என்னைத் தாண்டிப் போய், வாசலில் குனிந்து, அந்தப் பூட்ஸ் இரண்டுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "உங்களை விடப் பரவாயில்லை. கட்டிக் குடுத்துடலாம்."