என் கைக்கு மட்டும் செட் ஆன பைக்

என் பைக்கை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டக்கூடாது. இது கல்யாணத்துக்கு முன்பே நான் எடுத்த முடிவு. லீனாவுக்கு பைக் ஓட்ட நன்றாகத் தெரியும் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. சாவி கேட்டாள். ஒரு பொய் சொன்னேன்.

"இது என் கைக்கு செட் ஆன வண்டி லீனா. வேற ஆள் கை பட்டா எஞ்சின் கெட்டுப் போயிடும்."

பாவம், நம்பிவிட்டாள். காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து, தான் வேலை பார்க்கும் ஸ்கூலுக்குத் தன் பழைய ஸ்கூட்டரிலேயே போய் வந்தாள்.

போன மாதம் எனக்கு வேக ஆசை முற்றியது. லிங்கராஜபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மச்சினன் டென்சிலைப் பிடித்து, எஞ்சினைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டேன். வண்டி சீறும் என்று பார்த்தால் இருமியது.

"எஞ்சின் பெருசாயிடுச்சு மாமா, பெட்ரோல் பழைய அளவுலதானே போகுது?" என்றான் டென்சில். "எந்த வேகத்துக்கு எவ்ளோ பெட்ரோல்னு வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்ல ஒரு டேபிள் இருக்கு. கட்டம் கட்டமா ஏத்தணும். ஒருத்தர் ஓட்டணும், பின்னால ஒருத்தர் லேப்டாப்ல நம்பர் மாத்தணும். சனிக்கிழமை நான் பின்னால உக்காந்துக்கறேன்."

சனிக்கிழமை அவன் வரவில்லை. போனும் ஆஃப். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் வேணா வரட்டுமாங்க?" என்றாள் லீனா.

"வா. பின்னால உக்காந்து நம்பர் மாத்து."

"தப்பா ஒரு நம்பர் போட்டு எஞ்சின் வெந்து போச்சுன்னா? லேப்டாப்ப நீங்களே பாத்துக்குங்க. நான் சும்மா ஓட்டறேன்."

சாவியை நீட்டினேன்.

"என் கை பட்டா கெட்டுப் போயிடுமே?"

"இப்பதானே புதுசா செட் பண்றோம். பரவால்ல."

அவள் முன்னால். மடியில் லேப்டாப்போடு நான் பின்னால்.

"நின்ன இடத்துலயே கொஞ்ச நேரம் எஞ்சின் ஐடில்ல ஓடணும்" என்றேன். டெய்லர் கடை வாசலில் வண்டியை ஓடவிட்டு, ப்ளவுஸ் வாங்கி வந்தாள்.

"நின்னு நின்னு மெதுவா போகணும்." ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போய்க் காய்கறி வாங்கினாள்.

"லோடு ஏத்திப் பாக்கணும்." எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் அரிசி மூட்டை வந்து உட்கார்ந்தது. லேப்டாப் வைக்க அது சௌகரியமாகத்தான் இருந்தது.

"ஒரே வேகத்துல கொஞ்ச தூரம் போகணும்." அந்த வேகம் ஓசூரில் அவளுடைய சித்தி வீட்டில் போய் நின்றது. வேலை இருக்கிறது என்று நான் மாதக்கணக்கில் தட்டிக்கழித்த வீடு.

சாயங்காலம் கடைசிக் கட்டமும் சரியானது. இருமல் போய்விட்டது. வீட்டு வாசலில் இறங்கிக் கையை நீட்டினேன்.

லீனா சாவியைத் தன் ஹேண்ட்பேகில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"காலையிலேர்ந்து முறுக்கினது யார் கைங்க?"

"உன் கைதான்."

"அப்ப இது என் கைக்கு செட் ஆன வண்டி. வேற ஆள் கை பட்டா எஞ்சின் கெட்டுப் போயிடும்."

அது சுத்தப் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் சொன்ன பொய் என்பது நினைவுக்கு வந்தது. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

திங்கட்கிழமை லீனாவின் ஸ்கூட்டரில் ஆபீஸ் போகும்போது சிக்னலில் டென்சிலைப் பிடித்தேன்.

"சனிக்கிழமை எங்கடா போன?"

"வீட்லதான் இருந்தேன் மாமா. போனை ஆஃப் பண்ணி வைன்னு அக்காதான் சொல்லுச்சு" என்றவன், ஸ்கூட்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அக்காவோட பைக் இப்ப எப்படி ஓடுது?"