கந்தர்வக்கோட்டைத் துரோகி

பெண் பார்க்க வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் காட்டலாம். செய்கிற வேலையை மட்டும் காட்டவே கூடாது. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கதை எழுதிக்கொண்டிருந்தேன். நடந்த சரித்திரத்தைத் திருப்பிப் போட்டு, அதில் மந்திரத்தையும் கலந்துவிடுவது என் வேலை. வெள்ளைக்காரன் பீரங்கியோடு திருமயம் வருகிறான்; நம் மந்திரவாதிகள் கோட்டையையே பெயர்த்து ஆகாயத்தில் நிறுத்துகிறார்கள்; கடைசியில் லண்டனில் நாம் வரி வசூலிக்கிறோம். (பெரிய சாதனை என்று நினைப்பு எனக்கு!) விளையாடுகிறவர் மந்திரவாதியாக மாறி, மந்திரத்தை எதிரிக்கு விற்ற துரோகியைப் பிடிக்க வேண்டும்.

விராலிமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கந்தர்வக்கோட்டைக்காரர்கள். மாப்பிள்ளையை எனக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. நேரில் இன்னும் பிடித்தது. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை.

"என்ன வேலைம்மா பாக்குற?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். லேப்டாப்பைத் திறந்தேன்.

கோட்டை பறந்ததும் மனுஷன் உருகிவிட்டார். "அப்பவே இப்புடிச் செஞ்சிருக்கணும்மா!" அவரே பட்டனைத் தட்டித் தட்டித் துரோகியைப் பிடித்தார். திரையில் எழுத்து வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்: "துரோகியின் ஊர்... கந்தர்வக்கோட்டை."

(அந்த ஊரில் கொளுத்தும் வெயிலில் பஸ் நிற்காமல் போன கடுப்பில் எப்போதோ எழுதியது. சத்தியமாக மறந்தே போய்விட்டேன்.)

கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க ஊர்க்காரனா காட்டிக் குடுத்தான்?"

"கற்பனைதாங்க மாமா."

"கற்பனைன்னா விராலிமலைன்னு பண்ண வேண்டியதுதான?"

"எங்க ஊர எதுக்குங்க இங்கிட்டு இழுக்குறீங்க?" என்று என் அப்பா எழுந்துவிட்டார்.

கோட்டை பறந்ததை ஒருவரும் சந்தேகப்படவில்லை. லண்டனில் வரி வாங்கியதும் நியாயமாகவே பட்டது. நடக்காத போரில் எந்த ஊர்க்காரன் துரோகி என்பதில்தான் இரண்டு ஊர் மானமும் தொங்கியது.

மாப்பிள்ளை வாசலில் செருப்பைத் தேடுவதைப் பார்த்ததும் லேப்டாப்பை இழுத்து, கந்தர்வக்கோட்டையை அழித்து, விராலிமலை என்று அடித்தேன்.

"இப்பப் பாருங்க மாமா."

பார்த்தார். கேசரியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போன என் அப்பா, தட்டு மாற்றும்போதுதான் உள்ளே வந்தார்.

கல்யாணமாகி இத்தனை நாளாகியும் புகுந்த வீட்டில் எனக்கு 'விராலிமலை' என்றுதான் பேர். போன வாரம் மாமாவுக்குச் சர்க்கரை ஏறி, டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

"இனிப்பா? தொடுறதே இல்லீங்க" என்றார் மாமா, கூசாமல்.

நான் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ஜாங்கிரி டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் மகன் தோளில் கை போட்டுச் சொன்னார்: "கேமுல சரியாத்தான்டா எழுதியிருக்கா."