புளி போட்டுத் தேய்த்த ஸ்பானர்

பவானிபூர், கல்கத்தா
விஜயதசமி, 1997

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் அவர்களுக்கு ஜம்புநாதன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நான், லக்ஷ்மி, சுபிக்ஷா மூவரும் உடம்பளவில் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்குத் தாங்கள் பதில் எழுதாவிட்டாலும் பாதகமில்லை. படித்து முடித்ததும் பாலிகஞ்ச் ராகவேந்திரனுக்கு ஒரு போன் போட்டு, அந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

தாங்கள் பார்த்துக்கொடுத்த வரன்தான். சுபிக்ஷாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. இதற்குமுன் வந்தவர்கள் எல்லாம் ஜாதகத்தோடு நின்றுபோனார்கள், வாசற்படி ஏறி வந்தவன் ராகவேந்திரன் பிள்ளை ஜெயந்த் ஒருவன்தான். லக்ஷ்மி வேண்டாத தெய்வமில்லை, எனக்கும் தூக்கம் போய் வெகுநாளாயிற்று. "பையனின் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், பழைய ஸ்பானர் என்றால் உயிர், உன் பெட்டியைத் திறந்து காட்டு, காரியம் முடிந்த மாதிரி" என்று தாங்கள்தானே எழுதினீர்கள்? அதை நம்பித்தான் சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் வரச்சொன்னேன்.

துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்திலிருந்தே மல்லிக் பஜாரில் பழைய இரும்புக் குவியலைக் கிளறி நான் சேர்த்த சரக்கு அது. ஸ்பானருக்கு வயது பார்ப்பது சுலபமில்லை, அத்திம்பேர். போல்ட்டின் கனத்தை அளவாகப் பொறித்திருந்தால் கிழம், வாயின் அகலத்தைப் பொறித்திருந்தால் நடுவயது, மில்லிமீட்டர் இருந்தால் நேற்றுப் பிறந்த குழந்தை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கறுப்பு. எத்தனையோ கைகளின் எண்ணெயும் புகையும் ஏறி வந்த நிறம் அது, காசு கொடுத்தாலும் கிடைக்காது. என்னிடம் உள்ள, வாயைத் திருகி அகலம் மாற்றும் குரங்கு ஸ்பானரில் பி.என்.ஆர். என்று வெள்ளைக்காரன் காலத்து ரயில் கம்பெனியின் எழுத்தே பொறித்துக் கிடக்கிறது. அதைப் பார்த்தால் ராகவேந்திரன் பெண்ணைப் பார்க்காமலே சம்மதம் சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நான் கரியாஹாட்டுக்குப் பழமும் பூவும் வாங்கப் போன நேரம் பார்த்து, சம்பந்தி வரும் வீட்டில் ஆயுத பூஜைக்கு அழுக்கு இரும்பா என்று லக்ஷ்மிக்குத் தோன்றியிருக்கிறது. குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி அத்தனையையும் புளியில் ஊறப்போட்டு, செங்கல்பொடி போட்டுத் தேய்த்து, அதுவும் போதாதென்று ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்திருந்த வெள்ளிப் பெயின்ட்டையும் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து ஸ்வாமி முன்னால் அடுக்கிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தவன் பழக்கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ஏன்னா, பளபளன்னு இருக்கோல்லியோ?" என்று கேட்கிறாள்!

ராகவேந்திரன் பூதக்கண்ணாடியோடு வந்தார். பெண்ணுக்குக்கூட அப்படிக் குனியவில்லை, ஸ்பானருக்குக் குனிந்தார். நிமிர்ந்தவர், "இது என்ன ஓய், போன மாச சரக்கைக் காட்டி வெள்ளைக்காரன் காலம்கறீர்?" என்றார். பெயின்ட்டைச் சுரண்டினால் எழுத்து தெரியும் என்று நான் கையை நீட்டினேன். லக்ஷ்மி குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "பூஜையில வெச்ச ஆயுதத்த இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்பறம் எடுத்துக்கோங்கோ."

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நாளைக்கா? நன்னாருக்கு! ஸ்பானருக்கே வயச மாத்தறவா, பொண்ணு வயச மாத்தியிருக்க மாட்டாளோ?" என்றார். தெருவில் துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது, அப்படியும் அந்த வார்த்தை என் காதில் விழத்தான் செய்தது. என்னை எது வேண்டுமானாலும் சொல்லட்டும், என் பெண்ணைச் சொன்னால் விடுவேனா? நானும் சும்மா இருக்கவில்லை. உமக்கு ஸ்பானரும் தெரியாது மனுஷாளும் தெரியாது என்றேன். சொஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு, மழைச்சாரலில் பால்கனியில் சுபிக்ஷாவோடு வங்காளியில் பேசிக்கொண்டிருந்த பையனையும் இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இன்று காலை புனர்பூஜை முடிந்ததும் பெயின்ட்டைச் சுரண்டினேன். பி.என்.ஆர். பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் அவருக்குக் காட்டமாட்டேன். அந்த வீட்டில் என் பெண் வாழவேண்டாம்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். ராகவேந்திரனுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஜம்புநாதன்

பி.கு.: கவரை ஒட்டப்போன சமயம் சுபிக்ஷா பிடுங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, இத அனுப்பாதே. ஜெயந்த் தலைக்குச் சாயம் அடிச்சிண்டிருக்கார். சாரல்ல கறுப்பா காலர்ல வழிஞ்சுது. நான் கேக்கறதுக்கு முன்னாடி அவரே சொல்லிட்டார், ஜாதகத்துல போட்டதவிட மூணு வயசு கூட, அவர் அப்பாதான் மாத்தினார், பூசிக்கச் சொன்னதும் அவர்தான், பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்கோன்னு. எனக்கு அவரப் பிடிச்சுப்போச்சு" என்கிறாள். இப்படி ஒரு வெளிச்சத்தோடு அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொண்டு, எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம் என்று ராகவேந்திரனிடம் சொல்லுங்கள். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை நரையோடேயே வரட்டும், அதுதான் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் அவர் குரல் எப்படிப் போயிற்று என்று எனக்கு மறக்காமல் எழுதவும்.