ஏழு முறை சொன்ன "சரி"

மதிப்பிற்குரிய அக்கா எர்மெலிந்தாவுக்கு, மெக்சிகோ நகரத்திலிருந்து தம்பி ஃபிதென்சியோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. புவெப்லாவில் நீங்களும் அத்தானும் உங்கள் முழங்கால்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம்தான், இடது கன்னம் நீங்கலாக.

செவ்வாய்க்கிழமை காலை பல் டாக்டரிடம் போகக் காரை எடுத்தேன். இன்சுர்ஹென்தஸ் சாலையில் வழக்கம்போல நெரிசல். பக்கத்துக் காரில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கன்னம் இப்படி வீங்கிக் கெடக்கு? இந்தாங்க கிராம்பு, பல்லுல வச்சு அழுத்திக்குங்க. முழுங்கிடாதீங்க!" என்று ஜன்னல் வழியாக நீட்டினார். பெயர் எவுலாலியா. என்னைப் போலவே துணையை இழந்தவர். "சாப்பிடுறப்ப ரேடியோவைப் போட்டுக்குவேன் சார். யாராவது பேசினாத்தான் சாப்பாடு உள்ள இறங்குது" என்றார். அக்கா, நானும் அதைத்தானே ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்! பல்வலி தந்த தைரியமோ என்னவோ, "ஒரு காபி சாப்பிடப் போலாமா?" என்று கேட்டுவிட்டேன். "சரி" என்றார்.

உடனே ஒலிபெருக்கியில் "கட்!" என்று ஒரு சத்தம். சாலையிலிருந்த அத்தனை கார்களும் ரிவர்ஸில் பழைய இடத்துக்கே போயின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பெண் ஓடி வந்து, "சார், பிரமாதம்! அந்தக் கிராம்பு எங்க கதையிலயே இல்லையே! இன்னொரு தடவை பண்ணுங்க" என்று ஒரு தாளில் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். சினிமாவாம் அக்கா. நெரிசலில் மாட்டிக்கொண்ட இருவர் அங்கேயே காதலித்து, கல்யாணம் பண்ணி, பிள்ளையும் பெற்று, அப்போதும் ஆபீஸ் போய்ச் சேராத கதையாம். இந்த ஊரில் இல்லாத நெரிசலா? அதற்கு ஆள் வைத்து ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள், நான் பாட்டுக்கு அதற்குள் காரை விட்டிருக்கிறேன்.

ஏழு முறை எடுத்தார்கள். ஏழு கிராம்பு, ஏழு முறை காபிக்குக் கூப்பிட்டேன், ஏழு முறையும் "சரி". ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா புதிதாகக் கேட்பதுபோல வெட்கப்பட்டார். அப்படியானால் நடிகைதானே? ஆனால் முதல் "சரி" எனக்குச் சொன்னதா, சினிமாவுக்குச் சொன்னதா? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சாலையில் நெரிசல் விலகியது. பின்னால் ஹாரன் அடித்தே என்னைத் துரத்திவிட்டார்கள்.

மூன்று நாளாக ரேடியோகூடப் போடவில்லை. எது நிஜம், எது நடிப்பு என்று தெரியாத ஊரில் இனி என்ன இருக்கிறது? நீங்கள் கூப்பிட்டபடியே வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வாரம் சனிக்கிழமை வந்துவிடுகிறேன். மாடி அறையைச் சுத்தம் செய்து வையுங்கள். அத்தானுக்கு என் அன்பு. குவாதலூப்பே மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
குழம்பிப்போன தம்பி,
ஃபிதென்சியோ

பி.கு.: அறையைத் தொட வேண்டாம். உறையை ஒட்டும்போது கதவு தட்டப்பட்டது. மஞ்சள் ஸ்வெட்டர்! "ஏழு தடவை சரின்னு சொன்னேனே, ஒரு காபி வந்துச்சா? நீங்க நடிகர்னு நெனச்சு மூணு நாளா அழுதிருக்கேன்யா! அந்தத் தாள்ல உங்க கையெழுத்துக்குக் கீழதானே நானும் போட்டேன், அதுல பார்த்துத்தான் வந்தேன்" என்கிறார். இப்போது அடுப்படியில் என் பாத்திரங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சினிமாக்காரர்களும் போன் செய்தார்கள். எங்கள் காட்சியை நீக்கிவிட்டார்களாம். இப்படியெல்லாம் எங்கேயும் நடக்காது, ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம்.