ஸ்க்ரூ தெரியாத மேடை

கைவேலை தெரியாத ஆண்களால் ஒரு வீட்டுக்கு எந்தக் கெடுதலும் வராது. அவர்கள் ஆசாரியைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிட்டு, ஓரமாக நாற்காலி போட்டு டீ குடிப்பார்கள். கைவேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆண்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு நான் இந்த இரண்டாவது வகையில் மாவட்ட அளவில் கோப்பை வாங்கக்கூடிய நிலையில் இருந்தேன்.

காரணம் என் உத்தியோகம். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. போல்ட்டு ஒழுங்காக முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். (முறுக்குகிற ஆள் வேறு. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.)

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கூடத்தில் பாதி இடம் தறிக்கு. அதில் நைனா நெய்வார். (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) கூடத்தை ஒட்டியே சமையலறை, நடுவில் கதவில்லாத ஒரு வாசல். உள்ளே ஒரு கடப்பாக் கல், அதன்மேல் அடுப்பு. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் அம்மா தரையில் உட்கார்ந்துதான்.

அந்தச் சமயத்தில் ஆரணியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் பவித்ரா. வீட்டிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. போனில் பேச அனுமதி கிடைத்து, சினிமா, சாப்பாடு என்று பேசி முடித்த பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்க வூட்டு கிச்சன்ல நின்னு வேலை செய்யற மாதிரி மேடை இருக்குதாங்க?”

“போட்டுக்கினு இருக்கேன்” என்றேன். “நானே.”

“நீங்களேவா?”

“ஆமாங்க. ஒரு ஸ்க்ரூகூட வெளிய தெரியாது. எல்லாம் உள்ளாறயே.”

இதைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் மேடை என்ற எண்ணமே என் மண்டையில் இருந்ததில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சமையலறையில் அப்படிப் போடும் வீடியோ ஒன்றைச் சாப்பிடும்போது பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

“அப்போ வூடு பாக்க வர்றப்ப நானும் வரேன்” என்றாள். “நான் நிக்கப்போற எடத்த நான் பாக்கணும் இல்ல?”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வீட்டுப் பெரியவர்கள் மட்டும்தான் வருவார்கள். “இன்னாடா இது, தாலி கட்றதுக்கு முன்னாடியே பொண்ணு வூட்டுக்குள்ள வருதா?” என்று அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பவித்ராவுக்கு அம்மா இல்லை, வளர்த்தது அத்தைதான். அந்த அத்தையும் முகத்தைச் சுளித்தாராம். கடைசியில் அவள் அப்பா ஒரு வழி சொன்னார். எல்லோரும் வருவார்கள். பெண்ணுக்கு வீடு பிடித்தால் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி செய்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் காபியோடு முடித்துக்கொள்ளலாம். ஆக, என் கல்யாணம் இன்னும் வாங்காத ஒரு பலகையின்மேல் வந்து நின்றது.

ஒரு அங்குலத் தடிமனில் ரப்பர் மரப் பலகை வாங்கினேன். கீழே தாங்க இரண்டு பிளைவுட் பெட்டிகள். பெட்டிக்குள் தலையை நுழைத்துக் கீழேயிருந்து மேலே பார்த்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். கூடவே சிலிகான் பசை. மேலே வெறும் மரம் மட்டும் வழவழவென்று தெரியும். முன்பக்கம் பலகை பெட்டியைத் தாண்டி ஒரு முழம் நீண்டிருக்கும். அங்கே ஸ்டூல் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து அவள் கேக்குக்கு க்ரீம் பூ வைப்பாள் என்பது என் கற்பனை.

ஸ்க்ரூ நுனி மேலே எட்டிப் பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே என்று பயந்து, குட்டை ஸ்க்ரூவாகப் பார்த்து வாங்கினேன். பிளைவுட்டைத் தாண்டிப் பலகைக்குள் அது அரை நகம் ஆழம் போனால் அதிகம். தொழிற்சாலையில் இப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டியதோடு, அனுப்பியவனுடைய மேலாளருக்கு ஒரு மெயிலும் தட்டியிருப்பேன்.

“ஆசாரிய கூப்டுடா” என்றார் நைனா.

“வாணாம் நைனா, நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்குவ. மரத்தூளு ஒண்ணு பாவு மேல உழுந்துச்சி, அப்பால நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டு நூல். அதில் தூசி ஒட்டினால் புடவையே பாழ். எனவே வெகு புத்திசாலித்தனமாக ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன்: அமாவாசை. அன்றைக்கு எங்கள் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. பாவை வேட்டி போட்டு மூடிவிடலாம். பசை காய்கிறவரை ஒரு முழு நாள் அசைவு கூடாது என்று டியூபில் போட்டிருந்தது. விடியலில் ஆரம்பித்தால் மறுநாள் தறி ஓடுவதற்குள் ஏறக்குறைய காய்ந்துவிடும். இந்தத் திட்டத்தை நினைத்து எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அமாவாசையன்று தறிக்குத்தான் லீவு, அடுப்புக்கு இல்லை என்பது, டிரில்லிங் மெஷினோடு சமையலறை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. அம்மா தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு முன்னோர் படையலுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

“உள்ள வராத! காக்கா எடுத்தாதான் யாரும் உள்ள வரணும்.”

எங்கள் தெருக் காக்கைகளுக்கு அமாவாசையன்று அளவுமீறிய மரியாதை. மாடிக்கு மாடி வடை. எங்கள் இலைக்கு வந்த காக்கை வடையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டது. நான் ஒரு கையில் டிரில்லிங் மெஷினும் இன்னொரு கையில் சோற்று உருண்டையுமாக, தொண்டை கட்டும்வரை “கா... கா...” என்று கத்தினேன்.

நைனா வந்து பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். “உங்க தாத்தாவுக்கு மேடை புடிக்கல போல இருக்குது” என்றார்.

தாத்தா மனம் இரங்கி வந்து, எல்லோரும் சாப்பிட்டு, சமையலறையைக் கழுவித் துடைத்து என் கைக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் முடித்தேன். ஒரு ஸ்க்ரூ தெரியவில்லை. பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது. (சிலிகான் நெடியாகவும் இருக்கலாம்.)

“நைனா, நாளைக்கி சாயந்தரம் வரைக்கும் தறி ஓட்டாத.”

“முகூர்த்தப் பொடவடா! ஆர்டர் குடுத்தவங்க தெனம் போன் பண்ணிக்கினு இருக்காங்க.”

மறுநாள் கோழி கூவுகிற நேரத்துக்கே தறி ஓடத் தொடங்கியது. எங்களுடையது குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, தறிப் பலகையை இழுத்து அடிக்கிற ஒவ்வொரு அடியும் தரை வழியாகக் கால் பெருவிரலுக்கு வரும். பிறந்ததிலிருந்து அந்த அதிர்வில் வளர்ந்தவன் என்பதால், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பசை காய்வதற்குள் அதன் ஆயுள் முடிந்தது. மிச்சமிருந்தது அரை நகம் ஸ்க்ரூ.

“டேய், பருப்புல இன்னாடா ஸ்க்ரூ?” என்று அம்மா கேட்டாள். மளிகைச் சாமான்களை அவள் புதுப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தாள், மேடைக்கு நேர் கீழே.

“எக்ஸ்ட்ராம்மா. அன்னிக்கி கை தவறி உழுந்திருக்கும்.”

அடுத்தது அரிசியில் கிடைத்தது. அதற்கடுத்ததை உப்புமாவில் நானே கடித்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டிக்குள் புகுந்து திருப்பி முடுக்கிப் பார்த்தேன். ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுகிற ஸ்க்ரூ செத்த ஸ்க்ரூ என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் “நானே” என்று போனில் சொல்லியாகிவிட்டதே. தவிர, மறைவாக வைக்கும் பிடிமானத்தில் ஒரு சௌகரியம் உண்டு. இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

பவித்ரா வீட்டார் வந்த அன்றைக்கு, வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால், அம்மா தன் புது டேபிள் டாப் கிரைண்டரை மேடையின் முன்விளிம்புக்கு நகர்த்தி வைத்திருந்தாள். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று. பக்கத்திலேயே பஜ்ஜித் தட்டு, கேசரி, காபி டம்ளர்கள். நகர்த்த நேரமில்லை. “வாங்க வாங்க” என்று நைனா கூடத்தில் குரல் கொடுத்துவிட்டார்.

பவித்ராவின் அப்பாவும் நெசவாளி. உட்காரக்கூட இல்லை, நேராகத் தறியிடம் போய்விட்டார். “அடடா, கரை இன்னா எடுப்பா இருக்குது! கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க.” நைனாவுக்குச் சொல்லவா வேண்டும், உடனே குழியில் இறங்கிவிட்டார். அத்தையும் அம்மாவும் தறியைச் சுற்றி நின்றார்கள். பவித்ரா மட்டும் சமையலறைக்குள் வந்தாள். பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“நெஜமாவே ஒரு ஸ்க்ரூகூட தெரியலையே!”

“அதாங்க விஷயம்” என்றேன்.

கூடத்தில் தறி அடித்தது. பெட்டிக்குள் ‘டிங்’ என்றது.

“இன்னா சத்தம்?”

“எலி” என்றேன். (வீடு பார்க்க வந்த பெண்ணிடம் எலி இருக்கிறது என்று தானாக முன்வந்து சொன்ன மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.)

“மாவு பிசைஞ்சா ஆடாதுல்ல?” என்று கேட்டபடியே விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி ஒரு அழுத்து அழுத்தினாள். பலகையின் பின்பக்கம் எழுந்தது. கிரைண்டரையும் பஜ்ஜியையும் சுமந்துகொண்டு மொத்த மேடையும் முன்னால் வழுக்கி வந்தது. நான் பாய்ந்து இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, வயிற்றை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.

அவள் கத்தவில்லை. குனிந்து, செல்போன் டார்ச்சைப் பெட்டிக்குள் அடித்துப் பார்த்தாள். நிதானமாக நிமிர்ந்தாள்.

“எல்லா ஸ்க்ரூவும் பருப்பு டப்பா மேலதான் இருக்குது.”

“தெரியும்.”

“இப்ப உட்டீங்கன்னா?”

“கிரைண்டர் என் கால் மேல உழும். நீ... நீங்க தள்ளி நில்லுங்க.”

“பவி, அங்க இன்னாடி பண்ற?” என்று அத்தையின் குரல் வந்தது.

அந்த நொடியில் நான் நிஜமாகவே பயந்தேன். பலகை போனால் போகிறது, பஜ்ஜி போனால் போகிறது. இவள் போய்விடுவாளே என்று வயிறு கலங்கியது. (அதே வயிற்றில்தான் மேடையும் நின்றுகொண்டிருந்தது.) அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். திரும்பி வந்து பஜ்ஜியை எடுத்தாள், அதற்கப்புறம் கேசரியை. மேடையின் பாரத்தைக் குறைக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கூடத்தில் அம்மா நெகிழ்ந்துபோனாள். “வந்த வூட்ல தானே எடுத்து எல்லாருக்கும் குடுக்குது பாருங்க! இந்தக் காலத்துல யாரு செய்வா?”

கிரைண்டரை மட்டும் அவளால் தூக்க முடியவில்லை.

“மாப்ள எங்கம்மா?” என்று அவள் அப்பா கேட்பது காதில் விழுந்தது.

“மேடையப் புடிச்சிக்கினு நிக்கறாருப்பா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. எழுந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏம்பா, நைட் ஷிப்ட்டு உண்டா?”

“எப்பவாவது, அத்தை.”

“குடிப்பியா?”

“இல்ல அத்தை.”

“கோவம் வருமா?”

“வராது அத்தை.” கை இரண்டும் மரத்துக்கொண்டிருந்தது.

“அப்பறம் ஏன் இப்டி வேர்த்து ஊத்துது?”

“சந்தோஷம் அத்தை.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். கைகளுக்கு மேலே கிரைண்டரைப் பார்த்தார். திரும்பிக் கூடத்துக்குப் போனார். சரி, எல்லாம் முடிந்தது, இவர்கள் காரில் ஏறியதும் மேடையை என் தலைமேலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“வெத்தல பாக்க எடுங்க” என்று அத்தையின் குரல் கேட்டது.

“மாப்ள வரட்டுமே” என்றார் நைனா.

“வாணாம் வாணாம். அவரு அங்கயே இருக்கட்டும்.”

அப்படியாக, என் கல்யாணம் உறுதியானதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதால் கேட்டேன். அவர்கள் கார் தெருமுனை திரும்பிய பிறகு, உள்ளே வந்த நைனா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, கிரைண்டரை இறக்கி வைத்தார். “ஆசாரிய கூப்டட்டா?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு இரவு அம்மாதான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். என் விரல்கள் மடங்கவே இல்லை.

காரில் போகும்போது பவித்ரா நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாளாம். அத்தை கையமர்த்திவிட்டாராம். “எனக்குக் கண்ணு இல்லையாடி? பசை உட்டுட்சி, ஸ்க்ரூ உட்டுட்சி. ஆளு மட்டும் உடல, பாரு. அது போதும்.”

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது கிரானைட் மேடை. கொத்தனார் செங்கல் சுவர் எழுப்பிப் பதித்தது. தறி எவ்வளவு அடித்தாலும் அசையாது. பவித்ரா அதில்தான் கேக்குக்கு மாவு கலக்குகிறாள். வீட்டில் எது பழுதானாலும் நான் “நானே...” என்று ஆரம்பித்த உடனே அம்மா பருப்பு டப்பாவை எடுத்துக் குலுக்குவாள். நான் ஆசாரிக்குப் போன் போடப் போய்விடுவேன்.

உறுதி செய்த அன்றைக்கு எடுத்த போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. எடுத்தவள் பவித்ரா. நைனா, அம்மா, அவள் அப்பா, அத்தை, நடுவில் வெற்றிலைத் தட்டு. புதிதாக வருகிற சொந்தக்காரர்கள் யாராவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “எல்லாரும் இருக்கீங்க, மாப்ள எங்கம்மா?” என்று கேட்பார்கள். அவள் இதற்காகவே காத்திருந்தவள்போல வந்து, பின்னால் தெரியும் சமையலறை வாசலில் விரலை வைப்பாள்.

“இதோ தெரியுது பாருங்க ஒரு முழங்கை. அதான் எங்க வூட்டுக்காரு.”